அறிக்கைக்கான தரவை எந்த இடத்தில் சரிசெய்வது? திருகோணமலையில் புதிதாகத் தொடங்குவோருக்கு

தரவை வரைபட அறிக்கையாக்கும் மென்பொருளான பவர் பிஐ படித்துவிட்டு வேலைக்குச் சேர்பவர்களுக்கு முதலில் வரும் கேள்வி எந்த வரைபடம் போடுவது என்பதாக இருக்கும். அது சில நாட்களில் தீர்ந்துவிடும். அடுத்து வருவதுதான் நீண்டநாள் கூடவே இருக்கும் கேள்வி: வருகிற தரவு ஒழுங்காக இல்லை, இதை எந்த இடத்தில் வைத்துச் சரிசெய்வது? எக்செலில் திருத்தித் தருவதா, தரவுத்தளத்தில் எழுதுவதா, தரவை உள்ளே எடுத்து ஒழுங்குபடுத்தும் பவர் குவரியிலா, பவர் பிஐயின் சூத்திர மொழியான டாக்ஸிலா?

கோணேசபுரி வளாகத்தில் படிப்பு முடித்து வருபவர்களுக்கும், உப்புவெளி, நிலாவெளி ஹோட்டல்களில் கணக்குப் பார்ப்பவர்களுக்கும், தொண்டு நிறுவனங்களில் மாத அறிக்கை தயாரிப்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன். இங்கே பெரும்பாலும் ஒரு நிறுவனத்தில் ஒரே ஆள்தான் தரவு வேலை முழுவதையும் பார்ப்பார். கொழும்பில் உள்ளதுபோல் தனிக் குழு இருக்காது. அதனால் இடத்தைத் தேர்ந்தெடுக்கும் முடிவும், அதன் விளைவும் உங்கள் தலையில்தான்.

உருமாற்றம் என்று இங்கே சொல்வது சின்னச் சின்ன வேலைகளைத்தான்: திகதியைச் சரியாக வாசிக்க வைப்பது, ஒரே ஊரின் வெவ்வேறு எழுத்துக்கூட்டல்களை ஒன்றாக்குவது, டொலரை ரூபாய் ஆக்குவது, வரியைக் கழிப்பது, இரண்டு அட்டவணைகளை இணைப்பது, சதவீதம் கணக்கிடுவது. இவற்றில் பலவற்றை எந்த இடத்தில் செய்தாலும் முதல் நாள் ஒரே விடைதான் வரும். இரண்டாவது அறிக்கை கேட்கும்போதும், நீங்கள் விடுமுறையில் போகும்போதும்தான் இடத்தின் அருமை தெரியும்.

முதலில் பாதையை வரையுங்கள்

கணினியைத் திறக்க முன்னர் ஒரு தாளை எடுங்கள். ஒரு தொழிலை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். ஒரே குடும்பத்துக்கு உப்புவெளியில் ஒரு விடுதி, நிலாவெளியில் ஒன்று, நகருக்குள் உட்துறைமுக வீதிப் பக்கம் ஒன்று. அறைப் பதிவு மென்பொருள் ஒரு தரவுத்தளத்தில் எழுதுகிறது. இணையவழி முன்பதிவுகள் மாதம் ஒருமுறை சிஎஸ்வி கோப்பாக இறங்குகின்றன. செலவுகள் எக்செலில். நிலாவெளி விடுதி மட்டும் கூகுள் ஷீட்டில் எழுதுகிறது, ஏனென்றால் அங்குள்ள முகாமையாளருக்கு அதுதான் பழக்கம்.

ஒவ்வொரு தரவும் பிறக்கும் இடத்திலிருந்து முதலாளி பார்க்கும் திரை வரைக்கும் அம்புக்குறி போடுங்கள். வழியில் நிற்கும் இடங்கள் ஐந்து. ஒன்று, பதியும் இடம்: ரிசெப்ஷன் மேசை, படிவம். இரண்டு, மூலத் தரவுத்தளம். மூன்று, எல்லாவற்றையும் சேர்த்து வைக்கும் களஞ்சியம். சிறிய நிறுவனங்களில் இது பெரும்பாலும் இருக்காது. நான்கு, பவர் குவரி. எக்செல் 2016 முதல் இது எக்செலுக்குள்ளேயே இருக்கிறது, இதையே பவர் பிஐயின் இணையச் சேவையில் தனியாக ஓடவிட்டால் டேட்டாஃப்ளோ. ஐந்து, அறிக்கையின் மொடல், அதாவது அறிக்கைக்குப் பின்னால் இருக்கும் அட்டவணைகளும் அவற்றின் தொடர்புகளும். அதற்குள் எழுதும் கணக்கு இரண்டு வகை: அட்டவணையில் ஒரு செங்குத்து வரிசையாகச் சேரும் கணக்கிட்ட நிரல், பார்ப்பவரின் தெரிவுக்கு ஏற்ப அவ்வப்போது விடை தரும் மெஷர்.

அடுத்து, இந்த ஐந்தில் எவற்றில் கைவைக்க உங்களுக்கு அனுமதி இருக்கிறது என்று வட்டமிடுங்கள். அறைப் பதிவு மென்பொருளை விற்ற நிறுவனம் தரவுத்தளத்தை வாசிக்க மட்டும் விடும், எழுத விடாது என்றால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். அனுமதி இல்லாத இடத்தில் நல்ல தீர்வு இருந்து பயனில்லை. ஆனால் அனுமதியைக் கேட்டுப் பார்க்காமலே இல்லை என்று முடிவுகட்டுபவர்கள்தான் அதிகம். வாசிக்கும் அனுமதியோடு, உங்களுக்கென்று ஒரு தனி ஸ்கீமாவில் (தரவுத்தளத்துக்குள் ஒரு தனிப் பகுதி) வியூ (அட்டவணைபோல் வாசிக்கக்கூடிய, சேமித்து வைத்த வினவல்) எழுதும் உரிமையையும் கேளுங்கள். ஒரு மின்னஞ்சலில் முடிகிற காரியம்.

அடிப்படை விதி

பவர் பிஐ வட்டாரத்தில் இதற்கு ஒரு விதி உண்டு. மைக்ரோசொஃப்டில் பணியாற்றிய மத்தியூ ரோஷ் சொன்னதால் அவர் பெயரிலேயே வழங்குகிறது. சாரம் இதுதான்: உருமாற்றத்தை இயன்ற அளவு மேலே செய்யுங்கள், தேவைப்படும் அளவுக்கு மட்டும் கீழே இறக்குங்கள்.

மேலே என்பது தரவு பிறக்கும் பக்கம், கீழே என்பது அறிக்கையின் பக்கம். இதை மகாவலியை வைத்து நினைத்துக்கொள்ளலாம். அந்த ஆறு கொட்டியாரக் குடாவில் வந்து விழுகிறது. மேலே கலங்கிய நீரை ஒவ்வொரு வாய்க்காலிலும் தனித்தனியாக வடிகட்டிக்கொண்டிருக்க முடியாது. தரவும் அப்படித்தான். தரவுத்தளத்தில் ஒருமுறை திருத்தினால், அதிலிருந்து எடுக்கும் பவர் பிஐ அறிக்கை, கணக்காளரின் எக்செல், நாளை வேறொருவர் செய்யப்போகும் அறிக்கை எல்லாவற்றுக்கும் திருத்தியதே போகும். அறிக்கைக்குள்ளே திருத்தினால் அந்த அறிக்கைக்கு மட்டும்தான். அப்புறம் முதலாளி கேட்பார்: “தம்பி, கணக்காளர் ஜூலை வருமானம் ஒன்று சொல்றார், உங்கட ஸ்கிரீன் வேற காட்டுது. எது சரி?” இரண்டும் சரியாகவே இருக்கலாம். ஒன்றில் சேவைக் கட்டணம் கழிந்திருக்கும், மற்றதில் கழிந்திருக்காது.

அதனால் இடத்தைத் தீர்மானிக்க முன்னரே ஒரு வேலை இருக்கிறது. வருமானம் என்றால் என்ன என்று எழுதி, முதலாளியிடமும் கணக்காளரிடமும் ஒப்புதல் வாங்குங்கள். முன்பதிவுத் தளத்தின் தரகுப்பணம் கழிந்ததா, கழியாததா? அறையை முன்பதிவு செய்த நாளில் கணக்கா, தங்கிய நாளில் கணக்கா? கிழக்குக் கரையின் சுற்றுலாக் காலம் மே முதல் செப்டெம்பர் வரை. அதற்கான முன்பதிவுகள் முந்திய மாதங்களிலேயே வரத் தொடங்கும். எந்த நாளை எடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து ஏப்ரல் மாதம் வளமான மாதமாகவும் தெரியலாம், வறண்ட மாதமாகவும் தெரியலாம். இந்த முடிவு எழுத்தில் இல்லாவிட்டால் எந்த இடத்தில் உருமாற்றினாலும் சண்டை ஓயாது.

இப்போது ஒவ்வொரு மாற்றமாக எடுத்து, இந்தக் கேள்விகளைக் கேளுங்கள்: இது எத்தனை அறிக்கைகளுக்குத் தேவை? விதி மாறினால் யார் திருத்துவார்? பழைய நிலையையும் நினைவில் வைக்க வேண்டுமா? பார்ப்பவர் வடிகட்டியைத் தட்டும்போது விடை மாற வேண்டுமா? விளக்கிச் சொல்வதைவிட எடுத்துக்காட்டுகளில் இது எளிதில் பிடிபடும்.

ஊர்ப் பெயர்

ஒரு தொண்டு நிறுவனத்தின் பயனாளிப் பட்டியலை எடுங்கள். மூதூர் என்ற பெயரை ஆங்கில எழுத்தில் மூன்று விதமாக எழுதியிருப்பார்கள். கிண்ணியாவும் குச்சவெளியும் அதே கதை. சில நிரைகள் தமிழில், சில சிங்களத்தில். புதியவர்கள் உடனே பவர் குவரியைத் திறந்து, இதை அதுவாக மாற்று, அதை இதுவாக மாற்று என்று வரிசையாகப் படிமுறைகளைச் சேர்ப்பார்கள். அடுத்த மாதம் இன்னொரு எழுத்துக்கூட்டல் வரும், இன்னொரு படிமுறை சேரும்.

இதற்கு நான் சொல்லும் வழி: ஒரு தனி அட்டவணை வையுங்கள். முதல் நிரலில் வந்த எழுத்துக்கூட்டல், இரண்டாவதில் சரியான பெயர், மூன்றாவதில் பிரதேச செயலகப் பிரிவின் குறியீடு. தரவுத்தளத்தில் வைக்க முடிந்தால் நல்லது. இல்லாவிட்டால் பகிர்ந்த எக்செல் கோப்பு போதும். பவர் குவரியில் ஒரே ஓர் இணைப்பு. இணையாமல் நின்ற பெயர்களை அறிக்கையின் ஒரு பக்கத்தில் பட்டியலாகக் காட்டுங்கள். புதுப் பெயர் வந்தால் அந்த அலுவலகத்தில் இருக்கும் யாரும் அட்டவணையில் ஒரு வரி சேர்த்துவிடலாம். அதற்கு உங்களைத் தேட வேண்டியதில்லை.

இதைவிட மேலே போக முடியுமா? முடியும். படிவத்திலேயே தட்டச்சு செய்யும் பெட்டியை எடுத்துவிட்டு, தெரிவு செய்யும் பட்டியல் வையுங்கள். ரிசெப்ஷனிலும் அப்படியே. மேசைக்கு முன்னால் விருந்தினர்கள் பையோடு வரிசையில் நிற்கும்போது, அங்கே இருக்கும் தங்கச்சி நாட்டின் பெயரைக் கவனமாகத் தட்டச்சு செய்வார் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. இரண்டு எழுத்தைத் தட்டினால் பெயர் வந்து நிற்கும் பட்டியலைக் கொடுங்கள். அவருக்கும் வேலை குறையும், உங்களுக்கும் குறையும். என்னைக் கேட்டால், தரவுத் திருத்தத்தில் செலவிடும் நேரத்தின் கணிசமான பகுதியை இந்த மேசையில் போய் நின்று பார்ப்பதில் செலவிட வேண்டும்.

திகதி

சிஎஸ்வி கோப்பில் 03/08/2024 என்று இருக்கிறது. நமக்கு அது ஓகஸ்ட் 3. கணினி அமெரிக்க அமைப்பில் இருந்தால் மார்ச் 8 என்று வாசிக்கும். 25/08/2024 என்பதை அந்த அமைப்பில் வாசிக்கவே முடியாது, ஆகவே அந்த நிரையில் பிழை காட்டும். ஆபத்து எங்கே என்றால் பிழை காட்டாத நிரைகளில்தான். மாதத்தின் முதல் 12 நாட்கள் ஓசையில்லாமல் இடம்மாறிவிடும். பலர் பிழை காட்டிய நிரைகளை நீக்கிவிட்டு மீதியை நம்பிவிடுகிறார்கள்.

பதியும் இடத்தை மாற்ற முடியாத வெளிக் கோப்பு இது. ஆகவே கோப்பு உள்ளே நுழையும் இடமான பவர் குவரிதான் இதற்குச் சரியான இடம். பவர் குவரி தானாகச் சேர்த்த வகை மாற்றும் படிமுறையை முதலில் நீக்குங்கள். பின்னர் நிரலின் தலைப்பில் வலது கிளிக் செய்து, வகை மாற்றும் பட்டியலில் லொக்கேல் (எந்த நாட்டு வழக்கு என்பது) கொண்டு மாற்றும் தெரிவை எடுத்து, ஐக்கிய இராச்சிய ஆங்கிலத்தைக் கொடுங்கள். அதன்பிறகு எந்தக் கணினியில் திறந்தாலும் ஒரே திகதிதான் வரும்.

இன்றைய திகதியிலும் ஒரு சிக்கல் உண்டு. உங்கள் கணினியில் ஓடும்போது பவர் பிஐ உள்ளூர் நேரத்தை எடுக்கும். இணையச் சேவையில் ஏற்றியதும் டாக்ஸின் டுடே சர்வதேசப் பொது நேரத்தில் ஓடும். நாம் அதற்கு 5 மணி 30 நிமிடம் முன்னால் இருக்கிறோம். விடியற்காலை 5 மணிக்கு எழுந்து முதலாளி தொலைபேசியில் பார்த்தால், இன்றைய நிலவரம் என்ற இடத்தில் நேற்றையது இருக்கும். 5.30க்குப் பிறகு பார்த்தால் சரியாக இருக்கும். இதைக் கண்டுபிடிக்க முடியாமல் ஆட்கள் மண்டையைப் பிய்த்துக்கொள்வார்கள். பொது நேரத்தை எடுத்து அதோடு ஐந்தரை மணியைக் கூட்டும் மெஷர் ஒன்றை எழுதி, எல்லா இடத்திலும் அதையே பயன்படுத்துங்கள்.

வற் வரி

இப்போது நகரத்தில் வற் (பெறுமதி சேர் வரி) பதிவுள்ள ஒரு கட்டடப் பொருள் கடையை எடுப்போம். பற்றுச்சீட்டுத் தொகை வரியோடு சேர்ந்து பதிவாகிறது. அறிக்கையில் வரி நீங்கலான விற்பனை வேண்டும். புதியவர் மெஷருக்குள் 18 என்ற எண்ணை எழுதிவிடுவார். 118,000 ரூபாய்ப் பற்றுச்சீட்டில் வரி 18,000, சரியாக இருக்கிறது. ஆனால் 2023இல் போட்ட 115,000 ரூபாய்ப் பற்றுச்சீட்டுக்கும் அதே சூத்திரம் போனால் வரி 17,542 என்று காட்டும். உண்மையில் அது 15,000. ஏனென்றால் பொது வீதம் 2019 டிசெம்பரில் 8 ஆகவும், 2022 ஜூன் 1இல் 12 ஆகவும், அதே ஆண்டு செப்டெம்பர் 1இல் 15 ஆகவும், 2024 ஜனவரி 1இல் 18 ஆகவும் மாறியது.

மாறக்கூடிய எண் எதையும் சூத்திரத்துக்குள் புதைக்காதீர்கள். எந்த நாள் முதல், எந்த நாள் வரை, எவ்வளவு வீதம் என்று மூன்று நிரல் கொண்ட அட்டவணை, தரவுத்தளத்தில் அல்லது களஞ்சியத்தில். பற்றுச்சீட்டின் திகதியை வைத்து ஒவ்வொரு நிரைக்கும் வரித்தொகையை அங்கேயே ஒரு வியூவில் கணக்கிட்டுவிடுங்கள். இது நிரைக்கு நிரை மாறாத உண்மை. பார்ப்பவர் எந்த வடிகட்டியைத் தட்டினாலும் அந்தப் பற்றுச்சீட்டின் வரி அதேதான். அப்படிப்பட்டது எல்லாம் மேலே போகலாம்.

டொலர் மாற்று வீதமும் இதே வகை. இலங்கை மத்திய வங்கி நாளாந்தம் வெளியிடும் வீதங்களைத் திகதியோடு ஓர் அட்டவணையில் சேர்த்து வாருங்கள். எந்த நாளின் வீதம் என்பதைக் கணக்காளர் சொல்லட்டும்.

அறை நிரம்பிய சதவீதம்

மேலே போகக் கூடாத ஒன்று இது. ஒரு விடுதியில் 10 அறை, பத்தும் நிரம்பியது: 100 சதவீதம். இன்னொன்றில் 40 அறை, 10 நிரம்பியது: 25 சதவீதம். இந்தச் சதவீதங்களைத் தரவுத்தளத்திலேயே கணக்கிட்டு வைத்து, அறிக்கையில் சராசரி எடுத்தால் 62.5 வரும். உண்மை என்ன? 50 அறையில் 20 நிரம்பியிருக்கிறது, அதாவது 40 சதவீதம். 62.5ஐ நம்பி ஒரு முதலாளி ஊழியர் எண்ணிக்கையைத் தீர்மானித்தால் அது அவருக்கு நட்டம், அங்கே வேலை செய்பவர்களுக்கும் நட்டம்.

விகிதம், சராசரி, சென்ற ஆண்டோடு ஒப்பீடு, மொத்தத்தில் பங்கு, இவையெல்லாம் பார்ப்பவரின் தெரிவைப் பொறுத்து மாறுபவை. விடுதியைத் தெரிந்தால் ஒன்று, மாதத்தைத் தெரிந்தால் ஒன்று. ஆகவே நிரம்பிய அறைகள், இருந்த அறைகள் என்ற இரண்டு எண்களையும் மேலிருந்து சுத்தமாகக் கொண்டுவாருங்கள். வகுத்தலை மட்டும் மெஷரில் செய்யுங்கள்.

கணக்கிட்ட நிரலைப் பற்றி ஒரு வார்த்தை. அது டாக்ஸில் எழுதப்படுவதால் மெஷர் போலத் தோன்றும். ஆனால் தரவைப் புதுப்பிக்கும் ரிஃப்ரெஷ் நேரத்திலேயே கணக்கிடப்பட்டு மொடலில் இடம் பிடித்துக்கொள்ளும். மூலத்திலிருந்து வரும் நிரல் அளவுக்கு நன்றாகச் சுருங்கவும் மாட்டாது. மொடலுக்குள் இருக்கும் வேறு அட்டவணையின் மெஷர் முடிவு தேவைப்படும் அரிய இடங்களைத் தவிர, அந்த வேலையைப் பவர் குவரிக்கோ அதற்கு மேலோ கொண்டுபோங்கள்.

பழையதை நினைவில் வைப்பது

பவர் குவரிக்கு ஞாபகம் கிடையாது. ரிஃப்ரெஷ் செய்யும் ஒவ்வொரு முறையும் மூலத்தில் அந்த நேரம் இருப்பதை மட்டும் எடுத்துவரும். ஒரு ரத்தான முன்பதிவை மென்பொருள் அழித்துவிட்டால், உங்கள் அறிக்கையிலிருந்தும் அது போய்விடும். சென்ற மாதம் இன்றைய திகதியில் எத்தனை முன்பதிவு கையில் இருந்தது என்று முதலாளி கேட்டால் பதில் இருக்காது. இப்படியான கேள்வி வரும் என்று தெரிந்தால், நாளுக்கு ஒருமுறை நிலவரத்தைப் பிரதி எடுத்துச் சேர்க்கும் களஞ்சியம் ஒன்று வேண்டும். போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருள் இலவசம், அலுவலகத்தில் சும்மா கிடக்கும் ஒரு கணினி போதும். இன்று தொடங்காத வரலாற்றை நாளை உண்டாக்க முடியாது என்பதால், களஞ்சியத்தில் நான் முதலில் செய்யச் சொல்வது இதைத்தான்.

பவர் குவரியில் இருக்கும்போது

தரவுத்தளத்தில் வியூ எழுத உரிமை கிடைக்கவில்லை என்றாலும், பவர் குவரி பல படிமுறைகளைத் தரவுத்தளத்தின் வினவல் மொழியான எஸ்கியூஎல் ஆக மாற்றித் தரவுத்தளத்திடமே ஒப்படைத்துவிடும். இதைக் குவரி ஃபோல்டிங் என்பார்கள். நிரைகளை வடிகட்டுவது, வேண்டாத நிரல்களை விடுவது, குழுவாகக் கூட்டுவது போன்றவை பொதுவாக இப்படிப் போகும். வரிசை எண் நிரல் சேர்ப்பது போன்றவை இதை உடைத்துவிடலாம். உடைந்த இடத்துக்குப் பின்னால் வரும் எல்லாப் படிமுறையும் உங்கள் கணினியில்தான் ஓடும். ஆகவே வடிகட்டுவதை முதலில் வையுங்கள். ஒரு படிமுறையில் வலது கிளிக் செய்து, மூலக் குவரியைக் காட்டும் தெரிவு உயிரோடு இருந்தால் ஃபோல்டிங் நடக்கிறது. மங்கலாக இருந்தால் பெரும்பாலும் நடக்கவில்லை. சில மூலங்களில் நடந்தும் காட்டாது. எக்செல், சிஎஸ்வி கோப்புகளுக்கு இது இல்லை.

இரண்டு அறிக்கைகளில் ஒரே படிமுறைகளை ஒட்டுகிறீர்கள் என்றால் அதை டேட்டாஃப்ளோவாக மாற்றும் நேரம் வந்துவிட்டது. புரோ உரிமம் இருந்தால் போதும். அதே உரிமத்தில் ஒரு மொடல் 1 ஜிபி வரை, நாளுக்கு 8 தடவை வரை திட்டமிட்ட ரிஃப்ரெஷ். தரவுத்தளம் அலுவலகக் கணினியில் இருந்தால் அதை இணையச் சேவையோடு இணைக்கும் கேட்வே மென்பொருள் இடையில் வேண்டும். ரிஃப்ரெஷ் நேரத்தில் அந்தக் கணினி ஓடிக்கொண்டிருக்க வேண்டும். இரவு பூட்டிப் போகும்போது மெயின் சுவிட்சை அணைக்கும் அலுவலகம் என்றால், ரிஃப்ரெஷை அலுவலக நேரத்துக்குள் வையுங்கள்.

ஒரு படிமுறையை மேலே நகர்த்தும்போது

எல்லாவற்றையும் முதல் நாளே மேலே வைக்க முடியாது. மாத முடிவு நாளை, அனுமதி அடுத்த வாரம் என்றால் பவர் குவரியில் செய்து அறிக்கையைக் கொடுங்கள். தாமதமான அறிக்கை யாருக்கும் உதவாது. ஆனால் அந்தப் படிமுறைக்கு விளங்கும் பெயர் வையுங்கள். மேலே போக வேண்டியது என்று விளக்கப் பகுதியில் எழுதுங்கள்.

வியூ தயாரானதும் பழையதை உடனே அழிக்காதீர்கள். புதிய மூலத்தைத் தனிக் குவரியாகச் சேர்த்து, நிரை எண்ணிக்கை, தொகையின் மொத்தம், வெறுமையான மதிப்புகள் ஆகிய மூன்றையும் மாதவாரியாகப் பழையதோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மார்ச், ஏப்ரல் மாதங்களைக் கட்டாயம் பாருங்கள். வரி ஆண்டு மார்ச் 31இல் முடிந்து ஏப்ரல் 1இல் தொடங்குவதால் எல்லைப் பிழைகள் அங்கேதான் ஒளிந்திருக்கும். வித்தியாசம் வந்தால், புதியது சரி, பழையது பிழை என்றும் இருக்கலாம். அப்போது கணக்காளரிடம் எண்ணைக் காட்டி, எந்தத் திகதி முதல் அறிக்கையில் புதிய எண் வரும் என்று அவரோடு பேசி, முதலாளிக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அதன்பிறகு பழைய படிமுறையை நீக்கி, முதலில் வரைந்த தாளில் அம்புக்குறியை மாற்றி, பக்கத்தில் திகதியைப் போடுங்கள்.